மெசினடி நித்திரை

குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் இரைச்சல் எங்கள் வீட்டில் எனக்குத்தான் முதலில் கேட்கும். அதனால் இரவில் காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பது என் வேலையாயிற்று. கேட்டதும் மனைவியையும் பிள்ளைகளையும் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டு, பக்கத்துக் காணிக்காரரின் வேலியிலும் தட்டுவேன். மற்றவர்கள் உறங்கினார்கள். எனக்குக் கண் சொருகும், கை கால் கழன்றதுபோல் இருக்கும், உடனே உடம்பு ஒருமுறை துள்ளும். அந்த அரைத்தூக்கத்துக்குக் கீழே நான் இறங்கியதில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனபின் சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை.

அப்போது இணுவிலில் வெங்காயம் வைத்திருந்தோம். கிழங்கு பருக்கும் நேரம். கிணறு, அக்கம்பக்கத்துக் காணிக்காரர்களும் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணறு. முறையைத் தவறவிட்டால் பயிர் வாடும். தண்ணீர் இறைக்கும் மெசினும் பொதுதான்; அதற்கு அவரவர் ஊற்ற வேண்டிய மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது.

எங்கள் முறையன்று பகலில், வாய்க்காலில் மண்வெட்டியுடன் நின்றபடியே உறங்கிப்போனேன். ஒரு பாத்தி நிரம்பி, வரம்பு உடைந்து, தண்ணீர் வீணாகப் பாதைக்கு ஓடியது. அடுத்த முறைக்காகக் காத்திருந்த பக்கத்துக் காணிக்காரர் கத்தினார்.

"என்ன மச்சான், நிண்டுகொண்டே நித்திரையோ? குதிரையெண்டாலும் பரவாயில்லை, அதுக்கு நாலு கால்!"

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி செம்பை வைத்துவிட்டு, என் மண்வெட்டியை வாங்கி வரம்பை அடைத்தாள். மண்வெட்டியைத் திருப்பித் தரவில்லை.

"நீங்கள் போய் மெசினடியிலை படுங்கோ."

"அந்தச் சத்தத்துக்கை பொம்பர் வந்தாலும் கேளாதே."

"அதுக்குத்தான் சொல்லுறன். வானத்தை நான் பாக்கிறன்."

மெசினருகே சாக்கை விரித்தேன். கூச்சமாக இருந்தது.

"தங்கச்சி, ராசாவுக்குத் தலகணியும் கொண்டுவந்தனியோ?" என்றார் பக்கத்துக் காணிக்காரர்.

"ஓம் அண்ணை. இரவிலை உங்கடை வேலியிலை தட்டுறது ஆரெண்டும் ஒருக்கா யோசியுங்கோ."

மெசின் என் தலைமாட்டில் அதிர்ந்தது. கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. உடம்பு துள்ளவில்லை. வெகுநாளைக்குப் பிறகு கனவும் வந்தது. என்ன கனவென்று நினைவில்லை.

மெசின் நின்றதும் விழித்தேன். கடைசிப் பாத்தி வரை மண் நனைந்து கறுத்திருந்தது. மனைவி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சாக்கைச் சுருட்டப் போனேன். பக்கத்துக் காணிக்காரர் தன்னுடைய மண்ணெண்ணெயை மெசினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எழும்பாதை, கிட. இப்ப என்ரை முறைதானே," என்று சொல்லிக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மெசின் பிடித்தது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.