நிலைப்படி தாண்டாத மருந்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. மளிகைச் சீட்டும் ஊருக்குப் போடும் கடிதமும் தவிர நான் அதிகம் எழுதியதில்லை. மறதியும் வந்துவிட்டது. முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

என் மாமியார் பீர் குடித்ததைப் பற்றியது. கேட்டால் சிரிப்பு வரும். எங்களுக்கு அப்போது வரவில்லை.

அப்போது நாங்கள் டவுனில், அழகர்கோவிலுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகிற கே.கே. நகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. மாமியார் உசிலம்பட்டிப் பக்கம் காடு கரையோடு இருந்தவர். முடியாமல் போன பிறகுதான் எங்களோடு வந்தார். அவருக்குச் சாராயம் என்ற சொல்லே ஆகாது. காரணம் உண்டு.

என் மாமனார் குடிப்பவர். நான் மருமகளாக வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். குடியை நிறுத்த, மாமியார் அவரை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதியில் நிற்கவைத்திருக்கிறார். அங்கே கதவுதான் சாமி. சந்தனம் பூசிய அந்தக் கதவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. இனிமேல் தொடமாட்டேன் என்று மாமனார் சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். "இந்தக் கருமம் என் நாக்குல படாது, நான் இருக்குற வீட்டு நெலப்படி தாண்டாது." ஆடியில் செய்த சத்தியம். தை அறுப்பு முடிந்ததும் மாமனார் மறுபடி குடித்தார். குடித்துவிட்டு வரும் வழியில் கிணற்றில் விழுந்து போய்விட்டார். "சாராயம் தள்ளலை, சத்தியந்தான் தள்ளிவிட்டுச்சு" என்று மாமியார் சாகும் வரைக்கும் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம், சிறுபீளை அவித்துக் கொடுத்தோம். கேட்கவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஆபரேஷன் செய்யலாம் என்றார். மாமியார் கத்தி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "அப்ப நெறையத் தண்ணி குடிங்க பெரியம்மா. தினம் ஒரு கிளாஸ் பீரும் குடிச்சுப் பாருங்க. கல்லு கரைஞ்சு வந்துரும், பசியும் எடுக்கும்" என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மதுவிலக்கை எடுத்திருந்த சமயம், கடையிலேயே கிடைத்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தாளுக்குப் புத்தி இருக்காடா? குடியால தாலியறுத்தவகிட்டப் போயி குடிங்குறான்."

"ஆத்தா, அது மருந்து."

"உங்கப்பனும் மருந்துன்னுதாண்டா ஆரம்பிச்சாரு. இடுப்பு வலிக்கு."



வலி வரும்போது மாமியாரைப் பார்க்க முடியாது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக உருளுவார். சத்தம் வெளியே வராது. எனக்குச் சத்தம் போட்டு அழுதால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். அப்படி ஒரு நாள் விடிய விடிய உருண்டு எழுந்தவர், முகம் கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஏ புள்ள, கெளம்பு. கருப்பன்கிட்டப் பூக்கட்டிக் கேட்டுட்டு வருவோம். அவன் விட்டாக் குடிக்கிறேன். விடலைன்னா எவனும் என்னையத் தொந்தரவு பண்ணக் கூடாது."

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத யாராவது ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. கல்யாணம், வீடு கட்டுவது எல்லாம் எங்களுக்கு அப்படித்தான்.

வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பஸ் நிற்கும் இடத்தில் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கினேன். கோவிலில் மாமியார் சன்னதிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கேட்கிறவர் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று என்னை அனுப்பினார். நான் மரத்துக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைத் துண்டை விரித்தேன். முதல் இலையில் மல்லிகையை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவதில் செவ்வரளியை வைக்கப் போனபோது, அவர் உருண்டது கண்ணுக்குள் வந்தது. கை போகவில்லை. மீதி மல்லிகையை எடுத்து அதிலும் வைத்துக் கட்டிவிட்டேன். செவ்வரளியை இடுப்பில் செருகிச் சேலையால் மூடிக்கொண்டேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாமி கும்பிட வந்த ஒரு பெண்ணை மாமியார் கூப்பிட்டார். "யாரு பெத்த மகளோ, ஒண்ண எடுத்துக் குடு தாயி." அந்தப் பெண் எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, மரத்தடியில் போட்டுவிட வேண்டும். அவர் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு உயிரே இல்லை. பஸ்ஸில் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். செவ்வரளி இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போட்டு மேலே சாம்பலைக் கொட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே மறித்துவிட்டார் மாமியார்.

"நில்லுடா அங்கேயே. நெலப்படி தாண்டாத."

"ஆத்தா, நேத்துத்தான சாமி உத்தரவு குடுத்துச்சு?"

"நாக்குக்குத்தான் குடுத்தான். நெலப்படிக்கு நான் கேக்கவே இல்லையே."

வீட்டுக்காரர் திரும்பிப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் கடைசி வரைக்கும் அந்தச் சந்துதான் பீருக்கு வழி.

முதல் நாள் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். மருந்து என்றால் காய்ச்ச வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. சட்டியில் பீரை ஊற்றி, சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தேன். நுரை பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. மீந்ததை வடிகட்டி எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடக் கொடுத்தேன். மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குடித்து முடித்தார்.

"ஏண்டி, இதுக்கா ஊர்ல அம்புட்டுப் பேரும் சொத்தை அழிக்கிறாய்ங்க?"

வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். "மாப்ள, பீர்ல ரசம் வச்ச வீடு உன் வீடுதாண்டா. தங்கச்சி, அதைக் குளுரக் குடிக்கணும்மா" என்றார். எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. அதன் பிறகு ஈர மணலில் பாட்டிலைப் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வைப்பேன்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் மாமியார் குடிப்பார். வெயில் இறங்கிய பிறகு ஒரு டம்ளர். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கொஞ்ச நாளில் மூக்கை விட்டார். அப்புறம் ஒருநாள், "ரெண்டு கடலையை வறுத்துப் போடேன்" என்றார். மேல் உதட்டில் நுரை வெள்ளையாக ஒட்டியிருக்கும், துடைக்க மாட்டார். பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெரியம்மா, நொங்கு சர்பத்தா?" என்று கேட்டார். "வேப்பங் கசாயம், உனக்கு வேணுமா?" என்றார் மாமியார். டீச்சரின் தலை மறைந்துவிட்டது. மாமியார் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கல் எப்போது போனது என்று தெரியாது. வலி குறைந்தது, சோறு கூடுதலாக இறங்கியது. இனிமேல் நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னபோது, "கல்லு போயிருச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எனக்கில்ல தெரியும்" என்றார் மாமியார். வாரத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அவருக்குத் தும்மல் வந்தாலும் மாமனார் விழுந்த கிணறு ஞாபகம் வரும். ஏமாற்றியது நான், சத்தியம் அவருடையது. தண்டனை யாருக்கு வரும் என்று நினைத்து நினைத்து என் சாப்பாடு குறைந்தது.

ஒரு மார்கழி மாதம் மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நடக்க முடியவில்லை. நான் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்தேன். டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள. அன்னைக்கு மத்தப் பொட்டலத்தை நான் முடிஞ்சுக்கிட்டு வந்தேன்ல?"

நான் ஈரச் சாக்கை இழுத்துச் சரிசெய்தேன்.

"வழி நெடுக மல்லிய வாசமா அடிச்சுச்சு. செவ்வரளிக்கு ஏதுடி வாசம்?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பிரிச்சுப் பாக்கலை. அப்படியே பூமிக்குள்ள பொதைச்சுட்டேன். பாத்தாத்தான குடிக்கக் கூடாது?" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார். "தெரிஞ்சுதாண்டி குடிச்சேன். வலி தாங்க முடியலை. கருப்பன் கேட்டா நான் பேசிக்கிறேன், நீ ஊடால வராத."

அந்தத் தை பிறப்பதற்குள் போய்விட்டார். தூக்கத்தில், வலி இல்லாமல் போனார். அன்று கொல்லையில் மணலுக்குள் ஒரு பாட்டில் பாக்கி இருந்தது. நான் அதை அங்கேயே நின்ற வேப்பமரத்தின் தூரில் ஊற்றினேன். அழகர்கோவிலுக்கு அதன் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கருப்பன் சன்னதியில் மட்டும் தள்ளி நின்றுதான் கும்பிடுவேன்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துத் திருத்துங்கள். கடை திறந்த வருஷம் எண்பத்தொன்றா, இரண்டா தெரியவில்லை. பீருக்குக் கல் கரையும் என்பது மெய்தானா, அதையும் இப்போதைய டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. யாராவது செவ்வரளியைப் பறித்து மோந்து பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு வாசமே கிடையாதா, கொஞ்சமாவது உண்டா? எனக்கு இப்போது மூக்கில் எந்த வாசமும் தெரிவதில்லை.