வெள்ளிக் களிமண்ணும் என் கை நடுக்கமும்

வெள்ளிக் களிமண் நகைத் தொழிலுக்கு முதலீடு வெள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முதலீடு பயம். உங்களில் யாராவது வீடியோ பார்த்து மயங்கி, அந்தச் சின்னப் பொட்டலத்தை வரவழைத்து, பிரிக்கப் பயந்து பீரோவில் பூட்டி வைத்திருந்தால் நாம் ஒரே கட்சி. என் கதையைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள், அல்லது பிரிக்காமலே இருங்கள்.

பொட்டலம் பிரித்த நாள்

வெள்ளித் தூளோடு பசையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த மாவு அது. வேண்டிய உருவம் செய்து, காயவைத்து, சுட்டால் பசை எரிந்துபோய் வெள்ளி மட்டும் நிற்கும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் பிரித்த நிமிடத்திலிருந்து காற்றுப் பட்டு இறுக ஆரம்பித்துவிடும், விலையோ கையைக் கடிக்கும். இரண்டு விஷயமும் ஒன்றாகத் தலைக்குள் ஓடினால் விரல் எப்படி வேலை செய்யும்?

உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, உருண்டையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "ஏம்மா, கொழுக்கட்டை புடிக்கிற கைதான இது? பாம்பப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்கியே."

புகை

எனக்கு நெருப்பென்றால் பயம். காஸ் அடுப்பையே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பற்றவைப்பேன். இந்த அழகில், வெள்ளியைச் சுட ஒரு கை டார்ச் வாங்கியாயிற்று. குழாய் வழியாக நீல நெருப்பு சீறிக்கொண்டு வரும். பக்கத்தில் யாரோ திட்டுவது போலவே இருக்கும்.

முதல் உருப்படி ஒரு வேப்பிலை டாலர். பின்பக்கப் பால்கனியில் செங்கல் மேல் வைத்து டார்ச்சைக் காட்டினேன். புகை வந்தது. அடுத்து டாலரே தீப்பிடித்துக்கொண்டது. பசை எரியும்போது அப்படித்தான் எரியும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? பக்கத்திலிருந்த பக்கெட் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். டாலர் பொடிப்பொடியாகப் போனது. மீதித் தண்ணீர், கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டு ஓனர் தாத்தா தலையில் இறங்கியது.

எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவருடைய அப்பா அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரையும் அம்மா என்பதற்குப் பதில் மதாம் என்றுதான் கூப்பிடுவார், நாங்களும் அவரை ஐயா என்னாமல் முசே என்போம். முசே தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "வீட்டக் குடியிருக்கத்தான் குடுத்தேன் மதாம், கொளுத்தறதுக்கு இல்ல."

விமலா டீச்சரின் மெட்டி

சுட்டால் வெள்ளி சுருங்கும். அதனால் செய்யும்போதே அளவைக் கூட்டிச் செய்ய வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது எதிர் வீட்டு விமலா டீச்சரின் கால் விரலில்.

நூலால் அளவெடுத்து, அதே அளவுக்கு வளையமாகச் செய்து சுட்டும் விட்டேன். வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு, புது மெட்டி போட டீச்சர் ஆசையாக வந்தார். பழையதைக் கழற்றி வைத்தாகிவிட்டது. புதியது நகத்தைத் தாண்டவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன். நல்ல நாளும் அதுவுமாக ஒரு சுமங்கலி மெட்டியில்லாத காலோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். "விடு சுமதி. இத போடணும்னா நான் திரும்ப மூணு வயசுக்குப் போவணும். அப்ப எனக்கு எவன் தாலி கட்டுவான்?"

கண்மலர்

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைப் பயம். இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அஞ்சலை. தெருவையே அதட்டுகிற குரல். தீபாவளிக்கு வெடித்த பட்டாசு அவள் மகள் பிரியாவின் இடது கண்ணில் பட்டுவிட்டது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். பார்வை வருமா என்பது கட்டு அவிழ்த்தால்தான் தெரியும். அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வேண்டிக்கொண்டிருந்தாள் அஞ்சலை.

"கடையிலயே விக்குதே" என்றேன் நழுவப் பார்த்து.

"அது தகடுக்கா. யாரு கண்ணோ மாதிரி இருக்குது. எம் பொண்ணு கண்ணு மாதிரி நீ செய்யி. கட்டு அவுத்ததும் அவ கண்ணுல ஒத்தி எடுத்துட்டு, கொண்டுபோயி அம்மன் காலுல வைக்கணும்."

மாட்டேன் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம். செய்தேன். ஆனால் வெளியே அடைமழை, இரண்டு கண்ணும் காயவேயில்லை. உள்ளே ஈரமிருந்தால் நெருப்பில் வெடிக்கும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்து எடுப்போம். ஆவி படிந்தால் ஈரம். மறுநாள் காலை கட்டு அவிழ்க்கப்போகிறார்கள். அஞ்சலை வந்து பால்கனிக் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். வெதுவெதுப்பான தோசைக்கல்லில் வாட்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். வலது கண் காய்ந்திருந்தது. இடது கண்ணுக்கடியில் லேசாக ஏதோ தெரிந்தது. கண்ணாடிதான் அழுக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வலது கண் நல்லபடியாகச் சுட்டு வந்தது. இடது கண் டப்பென்று வெடித்துச் சுவரில் போய் அடித்தது.

அஞ்சலை எழுந்து நின்றாள். சுவரில் அது அடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெடித்தது இடது கண் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது, அது என் வீடு.

பொட்டலத்தில் மிச்சமிருந்ததை வழித்தெடுத்து இன்னொரு கண் செய்தேன். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, ஒரு பொட்டு ஆவிகூட இல்லை என்றான பிறகுதான் டார்ச்சை எடுத்தேன். அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் முதன்முறையாக முகத்தைத் திருப்பாமல் நெருப்பையே பார்த்தேன். புகைந்தது, எரிந்தது, அடங்கியது, தணல் நிறத்துக்கு வந்து நின்றது. ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளி தெரிந்தது. வலதோடு சேர்த்து வைத்தபோதுதான் கவனித்தேன், மிச்ச மண்ணில் செய்ததால் இடது கண் சிறுத்திருந்தது. சொன்னேன். அஞ்சலை இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "சின்னதானா என்னக்கா? யாரு அளந்து பாக்கப் போறா?"

கட்டு அவிழ்த்த பிறகு

அடுத்த சில நாட்கள் அஞ்சலை வரவில்லை. வேறு யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். பார்வை வரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டார்ச்சைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். அந்த வெடிச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. பால் பொங்கினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு காலையில் தெருவில் அவள் குரல் கேட்டது. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் விடவில்லை, கூடையோடு படியேறி வந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"கட்ட அவுத்துட்டு, நல்ல கண்ண டாக்டரு கையால மூடிட்டாருக்கா. வெரலு காட்டுனாரு, பிரியா கலங்கலா இருக்குன்னா. எனக்கு உசுரே போச்சு. ஒத்தி எடுக்கலாம்னு கண்மலர மூஞ்சிக்கு நேரா கொண்டுபோனேன். உத்து உத்துப் பாத்துட்டுக் கேக்கறாக்கா, 'ஏம்மா, ஒரு கண்ணு மட்டும் சின்னதா இருக்குது?'"

என் வேலையில் குறை கண்டுபிடித்ததற்காக நான் உட்கார்ந்து அழுது, கைகூப்பிக் கும்பிட்ட வாடிக்கையாளர் இதுவரை அந்தப் பெண் ஒருத்திதான்.