கொழுந்தனார் கொடுத்த வக்கீல் பட்டம்

இன்று காலை கொழுந்தனாரின் காரில் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். எனக்கு நாற்பத்தேழு வயது. கேரளாவில் மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். அதனால் பின்சீட்டில் மாதிரி வினாத்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

தென்காசி தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மதினி, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியளே, மண்டையில ஏறுதா? பேசாம முறுக்கு சுட்டு வித்தா நாலு பேரு வாங்குவான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவருக்குப் பரீட்சை என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

சீசன் கூட்டத்துக்காகக் குற்றாலத்தில் ஒருவழிப்பாதை ஆக்கியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குப் போர்டு. இவர் எதிர்த்திசையில் காரை விட்டார். போலீஸ்காரர் மறித்து, அபராதம் என்றார்.

கொழுந்தனாரின் குரல் சட்டென்று குழைந்தது.

"சார், பின்னால இருக்கது எங்க மதினி. வக்கீலு."

போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "அப்படியா மேடம்?" என்றார்.

"இல்ல சார். இனிமேத்தான் எண்ட்ரன்ஸே எழுதணும். போர்டு இருக்கு, நாங்க வந்தது தப்புதான்."

அபராதத்தைக் கட்டிவிட்டு, சரியான பாதையில் சுற்றிக்கொண்டு அருவிக்கு வந்தார். இறங்கும்போது சொன்னார்:

"ஒரு ஆமா சொன்னா என்ன கொறைஞ்சிரும்? ஒரு பொய் சொல்லத் தெரியல, நீங்கல்லாம் என்னத்த வக்கீலாவப் போறிய?"

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் என்னை வக்கீலாக்கி, பட்டத்தையும் பறித்துவிட்டார், ஒரே காலையில். இந்த வேகத்தில் தீர்ப்புச் சொல்லும் கோர்ட் எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.