மாட்டுக்குக் காதுகுத்தும் சனோபர்

"உன் மாடு நாளைக்கு செத்துப்போவுதுன்னு வெச்சிக்க."

சனோபர் பேச்சை இப்படித்தான் தொடங்குவார். அவலூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பூக்கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பேரப்பிள்ளையின் மொட்டைக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தாலும் சரி. கேட்டவர்கள் ஜன்னலுக்கு வெளியே துப்புவார்கள். "உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க" என்பார்கள். துப்பி முடிக்கும்வரை பொறுத்திருந்து சனோபர் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவார். "செத்தா இன்னா பண்ணுவ?" இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் செஞ்சி வட்டாரத்தில் அதிகமில்லை. பதில் இல்லாதவர்கள் எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

வயது நாற்பத்தெட்டு, படிப்பு ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாடு, இரண்டு ஆடு என்று வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் காப்பீடு பிடித்துத் தரும் முகவர். முதலில் பலன்களைச் சொல்லுங்கள், நிபந்தனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி பயிற்சி கொடுத்திருக்கிறது. சனோபர் அதைத் தலைகீழாகச் செய்வார். எதற்கெல்லாம் பணம் வராது என்பதை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திட்டுவதுபோல் முழுவதும் படிப்பார். "கம்பெனிய நம்பாத. நானே நம்பறதில்ல. ரசீத நம்பு" என்று முடிப்பார். இதற்காக மேலாளர் ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை எச்சரித்தார். மூன்று ஆண்டும் மாவட்டத்திலேயே அதிக பாலிசி பிடித்தவர் என்று அதே மேலாளர் அதே சனோபருக்கு எவர்சில்வர் குடம் பரிசளிக்க நேர்ந்தது.

பாலிசி எடுத்த வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எடுக்காத வீட்டில் டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். "எடுத்தவ கையால குடிச்சா லஞ்சம் மாதிரி ஆயிடும். எடுக்காதவ டீயாவது தரட்டும்" என்பது அவருடைய நியாயம்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் சனோபர் பாலிசி விண்ணப்பம் எழுத உட்காரும் இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு பிரியாணி அண்டா கொதிக்கும். அண்டாவின் உரிமையாளர் ஹுசைன், சனோபரின் கணவர். சந்தைக்கு வரும் கேலிக்காரர்கள் இதை விடுவார்களா? "இன்னா பாயம்மா, ஆடு பொழச்சா உன் பாலிசி, மாட்டிக்கினா பாய் அண்டாவா?"

"ரெண்டுலயும் உனக்கு நஷ்டமில்ல. உக்காரு, பேரச் சொல்லு."

மாடுகளில்தான் முதலில் சிக்கல் வந்தது. காப்பீடு செய்த மாட்டின் காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை மாட்ட வேண்டும். வாயில்லா ஜீவன் காதில் ஓட்டை போடுவதா என்று ஊர் ஊராக மறுத்தார்கள். கம்பெனி விளக்க நோட்டீஸ் அச்சடித்து அனுப்பியது. சனோபர் அதில் பொரிகடலை மடித்துக் கொடுத்துவிட்டு, காரியத்தைக் காதுகுத்து ஆக்கிவிட்டார். மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, அக்கம்பக்கத்துக்குச் சொல்லி, வில்லை மாட்டியதும் சர்க்கரை வழங்குவது. "தாய்மாமன் மடியில உக்கார வெக்க முடியாது, அது ஒண்ணுதான் கொறை" என்பார். மாட்டுக்கெல்லாம் சடங்கு நடத்துகிறாயாமே என்று அவர் தெருவில் ஒருவர் முகம் சுளித்தபோது, "நடத்தறது அவங்க. நான் சர்க்கரை திங்கறன்" என்று முடித்துவிட்டார்.

இந்தச் சாமர்த்தியம்தான் பனமலையில் அவர் கழுத்தைப் பிடித்தது.

அங்கே ஏரியை ஒட்டிய நிலத்தில் சுந்தராம்பாள் என்ற கைம்பெண்ணுக்கு இருந்தது ஒரே கறவை மாடு. வயிறு உப்பி ஒரு காலையில் செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வந்து சான்று எழுதினார், வில்லையோடு காதை அறுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சுந்தராம்பாள் அறுக்கவில்லை. மாட்டுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, வில்லையும் காதுமாக முழு உடம்பாகக் கொல்லையில் புதைத்துவிட்டார். "ஊரக் கூட்டி காதுகுத்தின பொண்ண மூளியாவா அனுப்புவன்? நீயே சொல்லு பாயம்மா" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து ஆய்வு அலுவலர் இளவரசன் பைக்கில் வந்து கொல்லையைப் பார்த்தார். "வில்லை இல்லன்னா கிளெய்ம் இல்லம்மா. நான் ஒத்துக்கினாலும் கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றார். பணம் வராவிட்டால் சுந்தராம்பாளுக்கு அடுத்த மாடு இல்லை, வேறு வருமானமும் இல்லை. வேலியோரம் பாலிசி எடுத்த ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஆறு பேரும் வீட்டுக்குப் போய் வில்லையைக் கழற்றி எறிவதா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"சார், கண்டிஷன்ல இன்னா போட்டிருக்குது? படிங்க" என்றார் சனோபர்.

இளவரசன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "வில்லையை ஆய்வு அலுவலரிடம் காட்ட வேண்டும்."

"காட்டணும். அறுத்துக் குடுக்கணும்னு இல்லியே."

"வழக்கமா அறுத்துதான் குடுப்பாங்க."

"வழக்கத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க கண்டிஷனப் பாருங்க." பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "பச்சமுத்து, மம்மட்டி எடுத்தா."

சுந்தராம்பாள் குறுக்கே வந்து நின்றார். "பொதைச்சத தோண்டாத பாயம்மா. பாவம் புடிக்கும்."

"பாவம் எனக்குப் புடிக்கட்டும், மாடு உனக்கு வரட்டும். காத அறுக்க மாட்டன், சத்தியம். தல எந்தப் பக்கம்?"

சுந்தராம்பாள் விலகி வழிவிட்டார். பிறகு, "தெக்கால" என்றார்.

தலைப்பக்கம் மட்டும் தோண்டினார்கள். மண்ணுக்குள் மூன்று நாள் என்ன செய்யும் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். இளவரசன் தன் பைக் வரை பின்வாங்கினார். சனோபர் பர்தாவைக் கழற்றி வேலியில் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவுக் குழிக்குள் இறங்கி, மண்ணைக் கையால் விலக்கினார். மஞ்சள் தெரிந்தது.

"பன்னெண்டு நம்பர் இருக்குது. வந்து படிங்க சார்."

"நீங்களே படிங்கம்மா. நான் எழுதிக்கறன்."

"நான் படிச்சா நான் சொன்னதா ஆவும். நீங்க படிச்சாதான் பாத்ததா ஆவும்."

இளவரசன் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு வந்தார். குழியின் விளிம்பில் குந்தி, பன்னிரண்டு எண்களையும் கைக்குட்டைக்குள்ளிருந்தே படித்தார், போட்டோ எடுத்தார். மேலிருந்து சுந்தராம்பாள், "காத இழுக்காத" என்றார். "இழுக்கலக்கா, சும்மா புடிச்சிக்கினுதான் இருக்கறன்" என்றார் சனோபர்.

"சரிம்மா, எழுதிடறன். மேல வாங்க."

"எழுதிட்டுக் கூப்புடுங்க."

பைக் சீட்டின் மேல் தாளை வைத்து அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து தெரியாத சுந்தராம்பாள் அதை வாங்கி வேலியோரம் நின்ற ரஞ்சனியிடம் கொடுக்க, ரஞ்சனி உரக்கப் படித்தாள்: "வில்லை நேரில் பார்க்கப்பட்டது. இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கிறேன்." குழிக்குள்ளிருந்து, "தேதி போட்டிருக்குதா பாரு" என்று குரல் வந்தது. போட்டிருந்தது.

பச்சமுத்து குனிந்து கைகொடுத்தார். சனோபர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மண்ணும், மண் அல்லாததும் முழங்கைவரை அப்பியிருந்த வலது கையை ஆய்வு அலுவலர் பக்கம் நீட்டினார். இளவரசன் அந்தக் கையைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், வேலியோரத்துப் பெண்களைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.