முத்திரை விழாத வேட்டைப் புத்தகங்கள்

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றுதான் கழிவுக் கட்டுகளைப் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மூன்று வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல், தேதிச் சீட்டில் முத்திரை விழாத புத்தகத்தைக் கழித்துவிடுவது என் வழக்கம். அந்தக் கட்டுகளில் ஆப்பிரிக்கக் காட்டு வேட்டை நூல்கள் ஆறு இருந்தன. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தபோது நான் செய்த தவறு இது. புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மறுநாள் காலை, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து காலி ரேக்கின் முன்னால் நின்றார்.

"சார், அந்த ஆப்பிரிக்காப் புஸ்தகம்லாம் எங்கன?"

"கழிச்சாச்சு. யாரும் எடுக்கலியே."

"நான் தெனமும் இங்கன உக்காந்து படிச்சேனே சார்!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார் சிரித்தார். "என்ன வே, ஒம்ம காட்டெருமைய எடைக்குப் போட்டுட்டாரா?"

சுடலைமுத்து சிரிக்கவில்லை. அவர் நூலகத்தில் உறுப்பினர் இல்லை. வீடு ஒழுகும், எடுத்துப்போனால் புத்தகம் நனைந்துவிடும் என்று சேராமலே இருந்தார். இங்கே படித்ததை, வாதத்தில் படுத்துவிட்ட அண்ணனுக்குப் போய்ச் சொல்வாராம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"குண்டடி பட்ட எருமை புல்லுக்குள்ள போயிட்டு சார். தடம் பாக்குதவன் முன்னால போறான், தொரை பின்னால போறான். வியாழக்கிழமை அங்கன நிப்பாட்டுனேன். 'ஏலே, அவன் பொழைச்சானா'ன்னு அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்களாவது சொல்லுங்க."

நான் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பழைய பேப்பர் வியாபாரிக்குப் போன் செய்தேன். கட்டுகள் காகித ஆலைக்குப் போயிருந்தன. திருநெல்வேலிப் புத்தகக் கடைகளுக்கும் போன் செய்து கேட்டேன்; வேறு பிரதி கிடைக்கவில்லை.

"நீங்களே ஒரு முடிவு சொல்லிருங்களேன்" என்றேன்.

"படுத்துக் கெடக்க மனுசன்ட்டப் பொய் சொல்லச் சொல்லுதீயளா?"

மாலையில் அவர் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் நானே ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"தொரை பொழைச்சிருப்பான் சார், புஸ்தகம் எழுதியிருக்கான்லா. முன்னால போனவன் கதிதான் தெரியல" என்றார்.

தெரியாமலே அடுத்த மாதம் இறந்துபோனார்.

அதன்பின் தினமும் நூலகத்தை மூடுமுன், மேசையில் கிடக்கும் புத்தகங்களின் சீட்டிலும் தேதி குத்தினேன். நீங்களும் குத்துங்கள். உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவரும் வாசகர்தான்.

சுடலைமுத்து வருவதை நிறுத்தவில்லை. பேப்பர் மட்டும் படிப்பார். ஒருநாள் வேறொரு வேட்டைப் புத்தகத்தைத் தேடி வாங்கி அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம் சார்" என்றார். "பேப்பர்னா நாளைக்கும் வரும்."