புரட்டாசி உருண்டை

எங்கள் பக்கத்தில் புரட்டாசி சனிக்கிழமை பிச்சை எடுப்பதில் வெட்கம் கிடையாது. மாடி வீட்டுக்காரர்களும் நெற்றியில் நாமம் போட்டு, நாமமிட்ட சொம்பைத் தூக்கிக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று நாலு வீட்டு வாசலில் நிற்பார்கள். சேர்ந்த அரிசியைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை போனால் போதும். பெருமாள் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

நான் நான்காவது படித்த வருஷம், எல்லாச் சனிக்கிழமையும் போவதாக வேண்டிக்கொண்டிருப்பதாய் அம்மா சொன்னாள். நகரியில் நைனா வேலை செய்த தறிக் கொட்டகையை அப்போது மூடியிருந்தார்கள். நைனா பகலிலும் வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் அம்மா எனக்கு நாமம் போட்டு, சொம்பைக் கையில் கொடுத்து, தெருத் தெருவாகக் கூட்டிப்போவாள். சொம்பு நிறைந்ததும் பையில் கொட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.

படையலுக்குப் போக மீந்த அரிசியில்தான் உருண்டை. அம்மா அதைச் சிவக்க வறுத்துப் பொடிப்பாள். கடலை பிடுங்கி முடித்த கொல்லைகளில் நாங்கள் கிளறிப் பொறுக்கி வந்த வேர்க்கடலையை வறுத்து, தோலை ஊதி, ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, வெல்லப் பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிப்பாள். காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான். சோறு எங்கே என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு ருசி.

கவர் சிப்ஸ் இனிமேல் கூடாது, வீட்டில் செய்த தின்பண்டம்தான் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் டீச்சர் சொல்லிவிட்டார். நான் டப்பா நிறைய உருண்டை கொண்டுபோனேன். டீச்சர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "சாலா பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டி, எப்படிச் செய்வது என்று வகுப்புக்குச் சொல்லச் சொன்னார். நானும் பெருமையாக ஆரம்பித்தேன். அரிசி என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அது எங்க ஊட்டு அரிசி டீச்சர். எல்லாரும் ஒரு வாரந்தான் வருவாங்க. இவங்க வாரா வாரம் பை எடுத்துக்கினு வராங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டில் தன் வீட்டு அரிசிக்கும் பங்கு வேண்டும் என்று நினைத்திருப்பாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் அதட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி இரக்கமாகப் பார்த்தார். சிரிப்பைவிட அந்தப் பார்வைதான் உடம்பைக் கூச வைத்தது. எதற்கு வெட்கப்படுகிறேன் என்று தெரியாமலே வெட்கப்பட்டு, டப்பாவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நெற்றியைக் காட்ட மாட்டேன் என்று அழுதேன். வகுப்பில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா குழைத்த நாமக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நைனாவைப் பார்த்தாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"உடு. இன்னமே போவ வேணாம்," என்றாள் அம்மா. "வேண்டுதல் முடிஞ்சிபோச்சி."

"சாமி குடுத்துட்டாரா மா?"

"குடுத்துட்டாரு."

எனக்கு ஒரே சந்தோஷம். சாமி என்ன கொடுத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. வகுப்பில் பட்டதைவிட, இப்போது நினைத்தால் அதற்குத்தான் முகம் சுடுகிறது. அந்த வாரம் முழுக்க வீட்டில் உருண்டை இல்லை. செய்யச் சோம்பல்படுகிறாள் என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன்.