கடல் காதில் விழாத பாறை

இருட்டறையின் சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் ஒரு தோள் வந்தது. பிறகு கை, இடுப்பு, கடைசியாகத் தலை. முகம் இல்லை. கண், மூக்கு எதையும் யாரும் கொத்தவில்லை. அதுவரை எத்தனையோ படம் கழுவியிருந்தேன். கல்யாணம், கருமாதி, செப்பேடு, சாமி சிலை என்று எதையும் விட்டதில்லை. அன்றைக்குத்தான், தண்ணீருக்கு அடியிலிருந்து ஓர் ஆள் எழுந்து வருகிற மாதிரி இருந்து, கையிலிருந்த இடுக்கியை நழுவ விட்டேன். "என்னப்பா, பேயா?" என்றார் பின்னால் நின்ற காப்பாட்சியர். "பேய்தான் சார். ஆனா போட்டோவுக்கு ஆடாம நிக்குது" என்றேன். எனக்கு வாய் அப்போதும் சும்மா இருக்காது.

எழுபதுகளின் நடுவில், சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் எனக்குப் புகைப்படக்காரர் வேலை. காப்பாட்சியர் எங்கே போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். மனிதர் மகா நிதானம். ஒரு பானை ஓட்டைக் கையில் எடுத்தால் அதைக் கீழே வைப்பதற்குள் நமக்குப் பசியெடுத்துவிடும். யாராவது அவசரப்படுத்தினால், "அவசரத்தில அண்டாவிலயும் கை நுழையாதுப்பா" என்பார். நானும் மற்றவர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை அண்டா என்றே அழைத்தோம். அவருக்கும் அது தெரியும்.

மரக்காணத்து உப்பளங்களின் மேற்கு ஓரத்தில், கழுவெளிச் சதுப்புக்கு இந்தப் பக்கம், பொட்டல் நடுவில் ஒரு பாறைத்திட்டு இருந்தது. அதன் மேற்கு முகத்தில் மனித உருவங்கள். உளியால் செதுக்கியவை அல்ல. புள்ளி புள்ளியாகக் கொத்தி எடுத்தவை. தோளோடு தோள் ஒட்டி நின்றன. பக்கத்துக் குன்றை உடைத்து முடித்த கல் குத்தகைக்காரர் இந்தத் திட்டுக்கு வெடி வைக்க வந்தபோது ஊர்க்காரர்கள் மறித்திருக்கிறார்கள். விஷயம் தாசில்தார் வழியாக எங்களிடம் வந்தது. எங்கள் காப்பாட்சியர் உருவங்களை விரலால் தடவிப் பார்த்தார். ஓரமெல்லாம் மழுங்கிப் பொடிந்து, குழிகள் பாறையின் நிறத்துக்கே கறுத்திருந்தன. ஊரில் விசாரித்தார். மீன்பிடிக் குப்பத்து ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அது எங்க பாட்டன் பூட்டன் காலத்துக்கு முந்தினதுங்க." மேலே கேட்டால் பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள்.

வாழ்நாளில் முதல்முறையாக அண்டா அவசரப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை, கடற்கரைத் தொல்குடிகளின் சடங்குச் சின்னம் என்று கட்டுரை எழுதிவிட்டார். பத்திரிகைகளில் என் படம் வந்தது. வெடி வைப்பது நின்றது. இறுதி அறிக்கை வந்தபின் முடிவு என்று மேலிடம் சொன்னது. அறிக்கைக்கு இன்னும் நல்ல படங்கள் வேண்டும் என்று உப்புக் காலம் தொடங்கியதும் மறுபடி போனோம்.

சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. உப்பளத்துப் பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசும். முதல்முறை போனபோதே ஒன்று உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. இரண்டாம் முறை ஜீப்பை நிறுத்தி இறங்கியதும் புரிந்தது. அந்தக் கரையில் எங்கே நின்றாலும் அலை இரைச்சல் காதில் இருந்துகொண்டே இருக்கும். பாறையின் மேற்குப் பக்கம் போனால் கேட்காது. சுத்தமாகக் கேட்காது. அந்த அமைதியில், முகமில்லாத அத்தனை பேரும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். பகல் பதினொரு மணிக்கு எனக்கு அங்கே பயமாக இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்று எங்களுக்கு முன்பே அங்கே ஓர் அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். இடுப்பில் குடம். உப்புப் பாத்தியில் முற்றிக் கனத்துப்போன நீரை மொண்டுவந்து, ஓர் உருவத்தின் தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த எண்ணெய்ப் புட்டியைத் திறந்து பூசினார். நான் பழக்க தோஷத்தில் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். கேமராவின் சத்தத்தில்தான் திரும்பினார்.

"யாரும்மா இது?" என்று காப்பாட்சியர் கேட்டார். என்ன இது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார். அதனால்தான் அந்த அம்மாள் பதில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"எம் புள்ளதாங்க. கட்டுமரத்துல போனான், வர்ல. ஒடம்பும் கெடைக்கல." குடத்தைக் கீழே வைத்தார். "கடல் குடுக்காதவங்கள கரையில வெக்கக் கூடாதுங்க. மறுபடியும் இட்னு பூடும். அது சத்தம் காதுல உழாத எடமா பாத்து, அதுக்கு முதுகு காட்டி வெக்கணும். அம்மி கொத்துறவரு வருவாரில்ல, அவராண்ட சொன்னா ஆள் ஒசரம் கேட்டுக் கொத்திக் குடுப்பாரு. ஒவ்வொரு வருசமும் மொத உப்பு எடுக்க சொல்லோ, பாத்தித் தண்ணிய ஊத்துவோம். வெயில்ல கெடந்து கெடந்து, கடல மறந்துபோன தண்ணிங்க அது."

காப்பாட்சியர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். முற்றிய உப்புநீர் கல்லை அரித்துப் பொடியாக்கும். எண்ணெயும் தூசியும் குழியைக் கறுப்பாக்கும். இரண்டாயிரம் ஆண்டு என்று அவர் தடவிப் பார்த்ததெல்லாம் தாய்மார்களின் நாலைந்து வருடக் கை வேலை. அம்மி கொத்துகிறவரின் புள்ளிகளைத்தான் தொல்குடியின் கைவண்ணம் என்று எழுதியிருந்தார்.

"ஊர்ல கேட்டப்போ யாரும் சொல்லலியேம்மா?"

"ஆம்பளைங்க கடலுக்குப் போறவங்க. அவங்க எப்பிடி வாயத் தொறப்பாங்க? அது காதுக்குப் போவாதா?" அவர் காப்பாட்சியரின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதற்குள் எல்லாம் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, பழசுன்னு எழுதுவீங்களோ புதுசுன்னு எழுதுவீங்களோ, அது உங்க பாடு. கல்ல மட்டும் உட்டுடச் சொல்லுங்க. வேற எங்க போயி அவன நான் பாப்பேன்?"

திரும்பும் வழியில் காப்பாட்சியர் ஒரு டீக்கடையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். டீ ஆறி ஆடை படிந்தது. "ஏம்பா, அந்தம்மா படத்துல உழுந்திருக்காங்களா?" என்றார். "விழுந்திருக்காங்க சார். குடத்தோட, தெளிவா." ஃபிலிமைக் கேட்டார். கொடுத்தேன். கடைக்கு வெளியே வெயிலில் நின்று, சுருளை முழுதும் உருவி, இரண்டு கையையும் விரித்துப் பிடித்தார். அது வெளிச்சத்தில் பாழாகிக்கொண்டிருந்தது. "என் வேலை சார் அது!" என்று கத்தியேவிட்டேன். "என் வேலையும்தாம்பா" என்றார்.

அறிக்கையில் பழமையானது என்றே எழுதினார். வேலி போட்டால் பாறையின் இயல்புத் தோற்றம் கெடும், ஆகவே போடக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தார். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று ஒரு பலகை மட்டும் நட்டார்கள். பொய்யே எழுதத் தெரியாத மனிதர் எழுதிய பொய், அதனால்தானோ என்னவோ எல்லோரும் நம்பினார்கள்.

எத்தனை நாள் நம்புவார்கள்? அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கருத்தரங்கில், வெளியூரிலிருந்து வந்த இளம் ஆய்வாளர் ஒருவர் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டினார். எல்லாம் எஃகு முனைக் கொத்து. அதுவும் அம்மி கொத்துகிற முனை. "இந்த வேகத்தில் நம் வீட்டு அம்மியும் தொல்லியல் சின்னமாகிவிடும்" என்றார். அரங்கமே சிரித்தது. ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். முன்வரிசையில் எங்கள் காப்பாட்சியர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து பதில் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "என் தவறுதான்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார் இப்படி ஏமாளி மாதிரி உட்கார்ந்திருந்தீங்க? அன்னிக்கே தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொன்னா, அது யாரோடதுன்னும் சொல்லணும். போன மாசம் போயிருந்தேன். அந்தம்மா இன்னும் குடம் தூக்குறாங்கப்பா" என்றார். பிறகு, நம் ஆபீஸில் பலகையைப் பிடுங்கச் சொல்லும் ஃபைல் நகருவதற்குள் அந்த அம்மாள் காலம் போய்விடும் என்று சிரித்தார். அது அப்படியே நடந்தது. அரசாங்கத்தின் சோம்பேறித்தனத்தை நான் மனதாரப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். முதலில் காப்பாட்சியர் போனார். சில வருடம் கழித்து அந்த அம்மாளும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பின்தான் பலகை போனது.

சென்ற மாதம் பாண்டிச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகையில் காரைத் திருப்பச் சொன்னேன். பாறைத்திட்டு இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். ஆடு மேய்த்த ஒருவரிடம் கேட்டேன். "உடைச்சு எடுத்துனு பூட்டாங்களே சார். கடலரிப்புக்குத் தடுப்பு போட்டாங்க இல்ல, அதுக்கு." எந்தக் கடலின் காதில் விழக் கூடாது என்று ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்ததோ, அதன் வாயிலேயே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள்.

குப்பத்துக் கரையில் கற்கள் மலையாகக் குவிந்திருந்தன. எழுபதைத் தாண்டிய முழங்கால்களோடு தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். கிறுக்கன் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. வெகு நேரத்துக்குப் பின், கீழ் வரிசையில் ஒரு கல்லில் புள்ளிகள் தெரிந்தன. ஒரு தோள், பாதிக் கை. தலை இல்லை. ஒவ்வோர் அலையும் அதன்மேல் ஏறி இறங்கியது. யார் வீட்டுப் பிள்ளையோ, கடலைப் பார்த்துக் கிடந்தான்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து வந்தான். "என்னா சார் தேடுறீங்க? எதுனா உழுந்துடுச்சா?"

"உங்க ஊர்ப் பிள்ளைப்பா. கடலுக்குப் போய் வராதவன்" என்று கல்லைக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். புள்ளிகளைத் தொடப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்று காட்டிவிட்டு, மணலில் ஏறி ஓடி, கரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சத்தமில்லாமல், கல்லைக் கட்டி மேலே இழுப்பதுபோல் கையால் காட்டிக் கயிறு கேட்டான்.